அதே பெயர் கொண்ட வேறொருவர்

அத்தியாயம் பதினொன்று

காலையில் கதவிடுக்கில் செருகியிருந்த பத்திரிகையை எடுத்துப் பிரித்த அப்பா, தான் இறந்துபோன செய்தியை நின்றபடியே படித்தார்.

படித்து முடித்த பிறகுதான் உட்கார்ந்தார். சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இங்க வாம்மா. நான் செத்துப்போயிட்டேன்."

அக்கா டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். காலை நேரத்தில் அப்பாவின் வேடிக்கைக்குச் சிரிக்க அவளுக்குத் தெம்பு இல்லை. அவளுக்குக் கொஞ்ச நாளாக எதற்குமே தெம்பு இல்லை. புருஷனோடு ஒத்துவராமல் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள், தம்பிக்கு மட்டுமில்லாமல் வேலை செய்யும் பத்திரிகை அலுவலகத்துக்கே அக்கா ஆகிவிட்டவள். நாலு பேருக்கு அக்காவாக இருப்பவளுக்குக் களைப்பாக இருக்கிறது என்று சொல்லக்கூட ஆள் கிடையாது.

"டீ ஆறிடும்பா. செத்ததை அப்புறம் படிக்கலாம்" என்று டம்ளரோடு வந்தவள் பத்திரிகையைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

முதல் பக்கத்தின் அடியில், 'வானொலிப் பாடகர் மறைந்தார்' என்று பெரிய எழுத்து. அதன் கீழே பாடகரின் பெயர். அப்பாவின் பெயரும் அதுதான். மேலே படம். கோட் போட்டுக்கொண்டு, மைக் முன்னால் நின்று, வாயைப் பாதி திறந்தபடி அப்பா.

"படம் நல்லா வந்திருக்கு" என்றார் அப்பா. "ஆனா நேரம்தான் சரியில்ல."

அக்கா பத்திரிகையை இழுத்து இன்னொரு தரம் பார்த்தாள். அந்தப் படம் எங்கிருந்து போனது என்று உலகத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பாவின் பெயர் ஒரு காலத்தில் தடுக்கி விழுந்தால் ஒருவருக்கு இருந்த பெயர். அப்படிப் பலருக்கும் வைத்ததில் சிலர் பெரிய ஆட்களாகிவிட்டார்கள். ஒருவர் இதய நிபுணர். ஒருவர் நீதிபதி. ஒருவர் பாலம் கட்டும் இன்ஜினீயர். ஒருவர் சதுரங்க வீரர். ஒருவர் மலையேறுபவர். இன்னொருவர் எந்தப் பூட்டையும் திறந்துவிடும் பெரிய திருடன், அவரையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். இவர்களையெல்லாம் அப்பா நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் போலத்தான் பேசுவார். டாக்டருக்குப் பதக்கம் கிடைத்த அன்று வீட்டுக்குக் கேக் வந்தது. நீதிபதி ஒரு தீர்ப்பில் சறுக்கியபோது, "நம்மாளு இப்படிப் பண்ணிட்டாரே" என்று சாப்பாட்டில் கை வைக்கவில்லை. திருடன் பிடிபட்ட வாரம் அப்பா கடைத்தெருப் பக்கமே போகவில்லை.

நேற்றுச் சாயங்காலம் வானொலியில் பாடகர் காலமான செய்தி வந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, "நம்ம பேரோட குரல் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அப்பாவும் ஒன்றும் சாதாரண ஆளில்லை. இளவயதில் கலங்கரை விளக்கத்தடியில் இறங்கி, விரிகுடாவைக் குறுக்கே நீந்தி அக்கரை ஏறியவர். இந்த ஊரில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. நேரம் பாருங்கள், அந்த வாரம் பார்த்துப் பத்திரிகை அச்சகத்தில் வேலைநிறுத்தம். நிறுத்தம் முடிந்து பத்திரிகை வந்தபோது செய்தி ஊசிப்போயிருந்தது. அப்பா நீந்தியதற்குக் கடலும் கரையில் நின்றவர்களும்தான் சாட்சி. கடல் எங்கே பேசப்போகிறது.

போன வாரம் இதைச் சொல்லித்தான் தம்பி அப்பாவைக் குத்தினான். சாப்பாட்டு மேஜையில் ஏதோ வார்த்தை தடித்து, "உங்க பேர்ல பெரிய ஆளுங்க நிறைய இருக்காங்கப்பா. அதுல நீங்க இல்ல" என்று சொல்லிவிட்டான். அப்பா எழுந்து நின்று, "போய்ப் பத்திரிகை ஆபீஸ் அலமாரியில பாரு. அவங்களோட நானும் இருக்கேன்" என்று கத்தினார். தம்பி கதவை அறைந்துவிட்டுப் போனவன்தான். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

அலமாரியில் அப்பா இருப்பது உண்மைதான். அதை அப்பாவிடம் சொன்னவளும் அக்காதான். பத்திரிகையின் படக்கிடங்கு அவள் பொறுப்பு. அங்கே படங்களைத் தொழில் பார்த்து அடுக்குவதில்லை, பெயர் பார்த்து அடுக்குவார்கள். ஒரு பெயருக்கு ஓர் உறை. டாக்டரும் திருடனும் ஒரே உறைக்குள் முகத்தோடு முகம் ஒட்டிக்கிடப்பார்கள். யார் எந்தத் தொழில் என்று படத்தின் பின்னால் பென்சிலில் எழுதியிருக்கும். எடுப்பவர் திருப்பிப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

ஆனால் அந்த உறையில் அப்பாவின் படத்தை வைத்தது பத்திரிகை இல்லை. அக்கா. வேலையில் சேர்ந்த புதிதில், வீட்டு ஆல்பத்திலிருந்து மெல்ல உரித்தெடுத்துக்கொண்டு போய், பின்னால் 'நீச்சல்' என்று எழுதி வைத்துவிட்டாள். வைத்ததோடு விட்டாளா? என்றைக்காவது யார் கண்ணிலாவது படட்டுமே என்று, உறையைத் திறக்கும்போதெல்லாம் அதை எடுத்து முதல் படமாக வைத்துக்கொண்டே வந்தாள்.

பட்டுவிட்டது.

வாசலில் தடதடவென்று சத்தம். தம்பி பஸ் ஓட்டும் சீருடையோடு மூச்சு வாங்க உள்ளே வந்தான். அப்பா டீ குடிப்பதைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். முகம் வெளிறிக்கிடந்தது.

"என்னடா, டியூட்டி இல்லையா?" என்று கேட்டார் அப்பா, ஒரு வாரம் பேசாததே நடக்காதது போல.

"டிப்போல பேப்பர் பார்த்தேன்."

"பாடகர்னுதானே போட்டிருக்கு?"

"படத்தைப் பார்த்ததும் எழுத்து எதுவும் கண்ணுல படலப்பா" என்றான் தம்பி. சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

அதற்குள் அக்காவின் கைபேசி அடித்தது. பத்திரிகை ஆசிரியர். உடனே வரச் சொன்னார். கோபமாகப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, அமைதியாகப் பேசினார்.

"நானும் வரேன்" என்று எழுந்தார் அப்பா.

"நீங்க வேண்டாம்பா. வீட்டுலயே இருங்க. நான் பார்த்துக்கறேன்."

எதைப் பார்த்துக்கொள்ளப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

*

ஆசிரியரின் அறையில் கண்ணாடி நின்றுகொண்டிருந்தார். செய்தியையும் படத்தையும் அடுக்கிப் பக்கம் கட்டுபவர். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி என்று எப்போதும் இரண்டோடு இருப்பதால் அந்தப் பெயர். ஆட்களைக் குறைத்த பிறகு இரண்டு பேர் வேலையை ஒருவராகச் செய்கிறார். நேற்றைய பக்கம் அவர் கையில்தான் இருந்தது.

"அக்கா, நான்தான் எடுத்தேன்" என்றார் அவளைப் பார்த்ததும். "முதல்ல இருந்தது. மைக்கைப் பார்த்தேன், பாடகர்னு நெனச்சுட்டேன். திருப்பிப் பார்க்கல. அவர் முகத்தை யாரு பார்த்திருக்கா? கேமராவைக் கண்டாலே ஓடுவாராமே."

"விளக்கம் போதும்" என்றார் ஆசிரியர். கண்டிப்பான பெண்மணி. ஆனால் அவர் கண்ணுக்கடியிலும் தூக்கமில்லாத கருப்பு. "பாடகரோட மனைவி காலைல கூப்பிட்டாங்க. 'என் புருஷன் பேருக்குப் பக்கத்துல யாரு இந்த மனுஷன்?'னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. நிர்வாகம் ஒருத்தரையாவது வேலையை விட்டு அனுப்பணும்னு நிக்குது."

கண்ணாடி தலை குனிந்துகொண்டார்.

"ஆனா இவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்று ஆசிரியர் அக்கா பக்கம் திரும்பினார். "அந்த உறையில இருக்கறவங்க எல்லாரும் நம்ம பத்திரிகையில வந்தவங்க. படத்துல இருக்கற இவர் என்னைக்கு வந்தார்? யாருக்கும் தெரியல. அலமாரிச் சாவி உங்ககிட்டதான் இருக்கு. யாரு வச்ச படம் இது?"

அக்கா பையில் கிடந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"வேண்டப்பட்டவங்க படத்தைச் செருகறதுக்கு அது வீட்டு ஷோகேஸ் இல்ல. வச்சவங்க யாரா இருந்தாலும் இங்க இருக்க முடியாது. அது தெரிஞ்சா இவரை விட்டுடுவேன். தெரியலைன்னா இவர் போவார்."

இந்த வேலை போனால் அக்காவுக்கு வேறு போக்கிடம் இல்லை. இந்த வயதில் படம் அடுக்கத் தெரிந்தவளை யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போகிறார்கள்? ஆனால் அவளை அடைத்தது அது மட்டுமல்ல. உண்மையைச் சொன்னால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். 'பத்திரிகை என்னை வச்சிருக்கு' என்று இத்தனை காலம் தலை நிமிர்ந்திருந்த மனுஷனுக்கு, வைத்தது பத்திரிகை இல்லை, மகள்தான் என்று தெரிந்துவிடும்.

சொல்லத்தான் வாயெடுத்தாள். கதவு தட்டப்பட்டது.

அப்பா. படத்தில் இருக்கும் அதே கோட். அப்போது தோளை இறுக்கிப் பிடித்திருந்தது, இப்போது ஹேங்கரில் தொங்குவது போல இருந்தது. பின்னால் தம்பி.

"வணக்கம்மா" என்றார் அப்பா. "இன்னைக்குக் காலைல உங்க பத்திரிகையில செத்தது நான்தான்."

ஆசிரியர் பதறி எழுந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டார், நாற்காலி போடச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. கண்ணாடியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அறையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது கதவுக்கு வெளியிலேயே அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"இவ என் பொண்ணு" என்றார்.

ஆசிரியரின் முகம் மாறியது. "ஓ" என்று மட்டும் சொன்னார்.

"ஆனா இவளுக்கு எதுவும் தெரியாது. முன்ன ஒரு நாள் இவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு வந்தேன். இவ கை கழுவப் போயிருந்தா. அலமாரி திறந்து கிடந்துச்சு. என் பேர் போட்ட உறை. டாக்டர், ஜட்ஜு, பாடகர்னு எல்லாரும் இருந்தாங்க. பையில என் படம் இருந்துச்சு. செருகிட்டேன். முதல்லயே வச்சேன்."

"நீங்களா?"

"ஆசைதாம்மா. வேற என்ன? இதுக்குப் போய் வேலை செய்யறவங்க வயித்துல அடிக்காதீங்க."

கதவருகே நின்றிருந்த யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். உடனே இருமலாக மாற்றிக்கொண்டார். அது எல்லோருக்கும் கேட்டது. தம்பிக்கும் கேட்டது. அவன் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த ஆள் நகர்ந்துவிட்டார்.

அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. வாசகர்கள் அவளைக் கோபித்துக்கொள்ளலாம், எனக்கும் அவள் மேல் கோபம்தான். ஆனால் அப்பா அவள் பக்கம் ஒரு தரம் பார்த்தார். சின்ன வயதில் ஆழத்துக்குப் போகாதே என்று கரையிலிருந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை. அவள் அசையவில்லை.

ஆசிரியரின் கோபம் வடிந்து இரக்கமாகிவிட்டது. கோபமே தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது.

"சரிங்க ஐயா, விடுங்க. இந்த வயசுல..." என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. "நாளைக்கு ஒரு வரி திருத்தம் போட்டுடறோம்."

அங்கேயே எழுதிப் படித்துக் காட்டினார். 'நேற்று வெளியான படம் மறைந்த பாடகருடையது அல்ல. அது அதே பெயர் கொண்ட வேறொருவருடையது. தவற்றுக்கு வருந்துகிறோம்.'

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "வேறொருவர்ங்கற இடத்துல நீச்சல் வீரர்னு போட முடியுமாம்மா?" என்றார்.

"சரிபார்க்க எங்ககிட்ட எதுவும் இல்லைங்களே ஐயா. நம்ம பத்திரிகையில செய்தி வந்திருந்தா போடலாம்."

"அதுவும் சரிதான்" என்றார் அப்பா.

*

திரும்பும்போது மூவரும் பஸ்ஸில் வந்தார்கள். தம்பிக்கு அடுத்தவர் ஓட்டும் பஸ்ஸில் உட்கார்ந்து பழக்கமில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் கால் தானாக பிரேக்கைத் தேடியது.

"ஏம்பா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள் அக்கா. "உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீ எடுத்த அன்னைக்கே. ஆல்பம் மொத்தமும் மங்கிப்போச்சு, படம் ஒட்டியிருந்த இடம் மட்டும் புதுசா இருந்துச்சு. எங்க போயிருக்கும்னு யோசிச்சேன். அப்புறம் நீ வந்து, 'அப்பா, உங்க படம் எங்க அலமாரியில இருக்கு'ன்ன. சரின்னு விட்டுட்டேன்."

"தெரிஞ்சேவா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தீங்க?"

"பத்திரிகை வச்சாத்தானா? என் பொண்ணு வச்சிருந்தா. எனக்கு அதுவே சந்தோஷமா இருந்துச்சும்மா."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பஸ்ஸில் யாரும் கவனிக்கவில்லை. இரவு வேலை முடிந்து போகிறவர்கள் நிறைந்த பஸ்ஸில் யாருக்கு அடுத்தவர் முகத்தைப் பார்க்கத் தெம்பிருக்கிறது?

தம்பி அப்பா பக்கம் திரும்பினான். "அந்தப் படத்துல மைக் முன்னாடி என்னப்பா பேசினீங்க?"

"அதுவா? நீச்சல் சங்கத்துல ஒரு பாராட்டு. வந்த எல்லாருக்கும் நன்றின்னு ஆரம்பிச்சேன். அதுக்குள்ள அடுத்தவர் பேசணும்னு மைக்கை வாங்கிட்டாங்க."

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். போன வாரம் சொன்னதற்கு மன்னிப்பு என்று தனியாக எதுவும் கேட்கவில்லை. இந்த வீட்டு ஆண்களுக்கு அது வராது.

"நாளைக்குத் திருத்தம் வரும்ல?" என்றார் அப்பா. "வேறொருவர். பரவாயில்ல. உயிரோட இருக்கற வேறொருவர்னு போடச் சொல்லியிருக்கலாம்."

*

வீட்டுக்கு வந்ததும் தம்பி ரொட்டி வாங்கக் கீழே இறங்கினான். அக்கா காலையில் தனக்கு ஊற்றிக் குடிக்காமல் விட்ட டீயைக் கொட்டி டம்ளரைக் கழுவினாள். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் களுக் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை.

நாளைக்கு அந்த அலுவலகத்தில் எல்லோரும் அதையே பேசுவார்கள். 'அக்காவோட அப்பா தெரியுமா, பிரபலங்களுக்கு நடுவுல தன் படத்தைத் தானே திருட்டுத்தனமா செருகினவர்.' அந்தப் பெயர் கொண்டவர்களில் ஏற்கெனவே ஒரு திருடன் இருக்கிறான். இப்போது இரண்டாகிவிடும். அதைக் கேட்டுக்கொண்டு அவள் அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள், மாதம் பிறந்தால் சம்பளம் வரும்.

முதல் பக்கம் அச்சுக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றார் ஆசிரியர்.

"மேடம், அந்தப் படத்தை வச்சது எங்கப்பா இல்ல. நான். சேர்ந்த புதுசுல வச்சேன். முதல் படமா எடுத்து எடுத்து வச்சதும் நான்தான். அவர் எனக்காகப் பொய் சொன்னார்."

மறுமுனையில் யாரோ கதவைத் திறந்து மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கண்ணாடி அண்ணன் மேல தப்பு இல்ல. எங்கப்பா மேலயும் இல்ல" என்றாள் அக்கா. குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி மேடம்."

"நாளைக்குக் காலைல சாவியை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார் ஆசிரியர் கடைசியில்.

"சரிங்க மேடம்."

"இருங்க, வச்சுடாதீங்க." ஆசிரியரின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது. "அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. பாடகரோட மனைவி இப்பதான் மறுபடி கூப்பிட்டாங்க. இன்னும் திட்டப்போறாங்கனு நெனச்சேன். படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாங்களாம். அன்னைக்கு விரிகுடாவை நீந்தி அக்கரையில ஏறினவர் இவர்தானானு கேட்டாங்க. அவங்களும் பாடகரும் அங்க நின்னுக்கிட்டிருந்தாங்களாம். உங்கப்பாவைப் பார்க்கணுமாம். அந்தத் திருத்த வரியை நிறுத்தி வச்சிருக்கேன்."

அக்கா மெல்லத் திரும்பினாள். சமையலறை வாசலில் அப்பா நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

அவர் இன்னும் கோட்டைக் கழற்றவில்லை.